நாளை என்னும் மது
யூஜின் ஓநீலின் ‘ஐஸ்காரன் வருகிறான்’ நாடகம்

உண்மை பேசுதல் அறம் என்பதில் எந்நாட்டு அறநூலுக்கும் ஐயமில்லை. ஆயினும், ஒருவன் தன் உள்ளத்துக்குள்ளே பொய்யான நம்பிக்கை ஒன்றை வளர்த்து, அதையே ஊன்றுகோலாகக் கொண்டு நாள்களைக் கடத்துகின்றான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நம்பிக்கை பொய் என்பது அருகிலிருப்பவனுக்குத் தெரியும். அவன் அதை எடுத்துச் சொல்வது தகுமா? சொன்னால், அச்செயல் உதவியா, கொடுமையா? இவ்வினாவை எழுப்பி, நான்கு மணி நேரத்துக்கும் மேலாக அவையோரை இருக்கையில் இருத்தி, எளிய விடை எதையும் தராமல் வீட்டுக்கு அனுப்பும் நாடகம் ஒன்று அமெரிக்க இலக்கியத்தில் உண்டு. அது யூஜின் ஓநீல் இயற்றிய ‘தி ஐஸ்மேன் கமத்’. தமிழில் ‘ஐஸ்காரன் வருகிறான்’ எனலாம்.

நாடகத்தில் அரசர் இல்லை, வீரர் இல்லை, காதலர் என்று சொல்லத்தக்கவரும் இல்லை. நியூயார்க் நகரின் மலிவான மதுக்கடை ஒன்றில், மேசைமேல் தலை சாய்த்து உறங்கும் குடிகாரர்களே அதன் மாந்தர். திரை விலகும்போது அவர்கள் உறங்குகின்றனர். திரை விழும்போது பாடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் அவர்களுக்கு நேர்வதே கதை.

ஆசிரியர்

ஓநீல் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே வீதியில் ஓர் ஓட்டல் அறையில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஓநீல் பெயர்பெற்ற நடிகர்; ‘மான்டி கிறிஸ்டோ’ நாடகத்தின் தலைவனாக ஆயிரக்கணக்கான முறை மேடையேறியவர். நாடகக் குழுவுடன் ஊர் ஊராகச் சென்று வளர்ந்த பிள்ளைக்கு நிலையான வீடு அமையவில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக்குமேல் நிற்கவில்லை. 1910இல் கப்பலேறி அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் நகருக்குச் சென்றார். அங்கும் வறுமையே உடன் வந்தது. திரும்பி வந்தவர் நியூயார்க் துறைமுகத்தை அடுத்த புல்டன் தெருவில், ‘ஜிம்மி த பிரீஸ்ட்’ என்ற பட்டப்பெயர் கொண்டவர் நடத்திய மதுக்கடையின் மேல்மாடியில் தங்கினார். மாலுமிகளும் வேலையிழந்தோரும் குடியிருந்த இடம் அது. 1912ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கேயே ஓநீல் தம் உயிரை விட முயன்றார், உடனிருந்தோர் காப்பாற்றினர்.

அவ்வாண்டின் இறுதியில் காசநோய் கண்டு மருத்துவ விடுதியில் சேர்ந்தார். அங்கே படுத்திருந்த மாதங்களில் நாடகம் எழுதுவது என்று உறுதிகொண்டார். 1920இல் ‘பியாண்ட் த ஹொரைசன்’ நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1936இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்க நாடகாசிரியர் ஒருவருக்கு அப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை.

புகழின் உச்சியை அடைந்தபின், கலிபோர்னியாவின் மலைச்சரிவில் அமைந்த ‘தாவோ இல்லம்’ என்னும் வீட்டில் ஒதுங்கி வாழ்ந்தார். கைநடுக்கம் வளர்ந்து எழுதுவதே துன்பமாகிக்கொண்டிருந்த காலம் அது. அங்கேதான் 1939ஆம் ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி நவம்பரில் இந்நாடகத்தை முடித்தார். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் மூண்டதும் அந்த மாதங்களில்தான். உலகமெல்லாம் நாளைய போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, ஓநீல் இருபத்தேழு ஆண்டுகள் பின்னோக்கித் தம்மைச் சாவிலிருந்து மீட்ட மதுக்கடைக்குத் திரும்பினார். நாடகம் நிகழும் ஆண்டு 1912 என அவர் குறித்திருப்பது தற்செயலன்று.

களம்: பெயருக்கு ஓர் ஓட்டல்

கதை நிகழும் இடம் ஹாரி ஹோப் என்பவரின் மதுக்கடை. ‘ஹோப்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். கடையைப் பற்றிய குறிப்பில் ஆசிரியர் ‘ரெயின்ஸ் சட்ட ஓட்டல்’ என்ற தொடரை வழங்குகின்றார். அச்சட்டத்தின் கதையை அறிந்தால் நாடகத்தின் உட்பொருள் பாதி விளங்கிவிடும்.

நியூயார்க் மாநிலத்தில் 1896இல் ரெயின்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளில் மது விற்கக் கூடாது. ஆனால் ஓட்டல்கள் தம் விருந்தினருக்கு உணவுடன் மது வழங்கலாம் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஓட்டல் எனப் பெயர் பெறக் குறைந்தது 10 படுக்கையறைகள் வேண்டும். தொழிலாளிக்கு ஓய்வு கிடைப்பதோ ஞாயிறு ஒருநாள். கடைக்காரருக்கு வருவாய் மிகுவதும் அன்றே. எனவே மதுக்கடைக்காரர்கள் மேல்மாடியைப் பலகைகளால் தடுத்துப் பத்து அறைகளாக்கி, ‘ஓட்டல்’ என்று உரிமம் பெற்றனர். சட்டம் உணவு வேண்டும் என்றதால் மேசைதோறும் ஒரு சாண்ட்விச் வைக்கப்பட்டது. அதை ஒருவரும் உண்பதில்லை. ஒரே சாண்ட்விச் மேசைக்கு மேசை மாறி, காய்ந்து கருகித் தூசி படிந்து கிடக்கும். ஒழுக்கத்தை வளர்க்கப் பிறந்த சட்டம், அந்தப் பத்து அறைகளின் வாயிலாகப் பரத்தைமையை வளர்த்ததுதான் மிச்சம்.

ஹாரியின் கடையும் இத்தகைய பெயரளவு ஓட்டலே. உண்ணப்படாத அந்தச் சாண்ட்விச் மேடையிலும் இடம் பெறுகின்றது. கடையே ஒரு பொய்யின்மேல் நிற்கின்றது. அந்தப் பொய் அறைகளில்தான் கதைமாந்தர் வாழ்கின்றனர். போக்கிடமற்ற மனிதர்களுக்குக் கூரை கிடைத்ததற்குக் காரணமே ஒரு பாசாங்கு என்பதை ஓநீல் தொடக்கத்திலேயே சொல்லாமற் சொல்லிவிடுகின்றார்.

கனவு காண்போர்

நாடகத்தில் 19 பாத்திரங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நேற்று உண்டு. ஒரு நாளை உண்டு. இன்று மட்டும் இல்லை.

கடைக்காரர் ஹாரி ஹோப் ஒருகாலத்தில் வட்டார அரசியலில் செல்வாக்குப் பெற்றிருந்தவர். மனைவி பெஸ்ஸி இறந்தபின் இருபது ஆண்டுகளாகக் கடை வாயிலைத் தாண்டவில்லை. துயரமே காரணம் என்பார். ஒருநாள் வெளியே சென்று பழைய நண்பர்களைக் கண்டு மீண்டும் அரசியலில் இறங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஜிம்மி கேமரன் முன்னாள் செய்தியாளர். நாளைக்கே உடையை வெளுத்து உடுத்திப் பழைய வேலையைக் கேட்டுப் பெறப்போகின்றவர். அதனால் அவருக்கு ‘ஜிம்மி டுமாரோ’, அதாவது ‘நாளை ஜிம்மி’ என்று பெயர். வில்லி ஓபன் ஹார்வர்டில் சட்டம் பயின்றவன், வழக்குரைஞனாகப் போகின்றவன். மக்ளாயின் பதவி இழந்த காவல்துறை அதிகாரி; பதவியைத் திரும்பப் பெறப்போகின்றவர். ஜோ மாட் என்னும் கறுப்பினத்தவர் சூதாட்ட விடுதியை மறுபடி திறக்கப்போகின்றவர். ஹியூகோ என்பவர் பழைய புரட்சிப் பத்திரிகை ஆசிரியர். உறக்கத்திலிருந்து தலை தூக்கி முழக்கமிட்டுவிட்டு மீண்டும் உறங்குபவர். மது ஊற்றிக் கொடுக்கும் ராக்கி, தெருப்பெண்களின் பணத்தைத் தான் ‘பாதுகாத்துத் தருவதாக’ மட்டுமே நம்புகின்றான். தன் தொழிலுக்கு உரிய பெயரைக் கேட்டால் சீறுவான்.

கேப்டன் லூயிஸ் என்ற ஆங்கிலேயரும் வெட்யோன் என்ற போயர் தளபதியும் 1899 முதல் 1902 வரை நடந்த தென்னாப்பிரிக்கப் போரில் எதிரெதிர் அணியில் நின்றவர்கள். பிறகு 1904ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் அப்போரைக் கேளிக்கையாக நடித்துக் காட்டிய குழுவில் சந்தித்து நண்பராயினர். இப்போது தாயகம் திரும்பும் கனவை இருவரும் ஒரே மேசையில் காண்கின்றனர்.

இவர்களுக்கு நடுவே லாரி ஸ்லேடு என்னும் அறுபது வயதினர். ஒருகாலத்தில் அராஜகவாத இயக்கத்தில் உழைத்துச் சலித்து விலகியவர். தமக்குக் கனவே கிடையாது, பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து சாவுக்குக் காத்திருப்பதே தம் வேலை என்பார். அதுவும் ஒரு கனவுதான் என்பது நாடகம் முடியும்போதுதான் தெரியும்.

இப்பாத்திரங்களுள் பலர் ஓநீல் நேரில் பழகியவர்களின் சாயல் கொண்டவர்கள். லாரிக்கு அவருடைய நண்பர் டெர்ரி கார்லினும், ஹியூகோவுக்கு ஹிப்போலிட் ஹாவெல் என்னும் அராஜகவாதியும் முன்மாதிரி. ‘நாளை ஜிம்மி’க்கு முன்மாதிரியான ஜேம்ஸ் பைத், ஜிம்மி த பிரீஸ்ட் கடையில் ஓநீலுடன் தங்கியிருந்தவர், 1913இல் அக்கட்டடத்தின் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். அவரை நினைந்தே ஓநீல் ‘டுமாரோ’ என்ற சிறுகதையை 1917இல் வெளியிட்டார். ஆக, இக்கரு அவர் உள்ளத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊறிக்கிடந்தது.

இக்கனவுகளைக் குறிக்க நாடகம் வழங்கும் ஆங்கிலத் தொடர் ‘பைப் டிரீம்’. அபின் குழலைப் புகைத்தவன் காணும் மயக்கக் கனவு என்பது அதன் மூலப்பொருள். மனக்கோட்டை, பகற்கனவு என்ற சொற்கள் அதற்கு நெருங்கி வரும். ஒரே கருத்தைப் பதினெட்டு முறை திருப்பிச் சொல்லியிருக்கிறீர்களே என்று நாடக அமைப்பாளர் லாரன்ஸ் லாங்னர் முறையிட்டபோது, பதினெட்டு முறை சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன் என்று ஓநீல் விடையிறுத்தாராம். குடிகாரன் சொன்னதையே சொல்வான். அந்த இயல்பே நாடகத்தின் தாளமாக அமைந்துவிட்டது.

ஹிக்கியின் வருகை

ஆண்டுக்கு இருமுறை இக்கடைக்கு ஒரு திருவிழா வரும். ஹிக்கி என்னும் ஹிக்மன் இரும்புச் சாமான்களை ஊர் ஊராகச் சென்று விற்பவன், சமய போதகர் ஒருவரின் மகன், நகைச்சுவையாளன், கையில் பணமுள்ளவன். ஹாரியின் பிறந்தநாளுக்கு வந்து எல்லாருக்கும் மது வாங்கிக் கொடுத்துத் தானும் குடித்துக் கிடப்பான். மனைவி ஈவ்லினின் படத்தைக் காட்டி, அவளை ஐஸ்காரனோடு வீட்டில் விட்டு வந்திருப்பதாகக் கூறிச் சிரிக்கவைப்பது அவன் வழக்கமான வேடிக்கை.

இம்முறையும் ஹிக்கி வருகின்றான். ஆனால் குடிக்க மறுக்கின்றான். மற்றவர்களுக்கு மது வாங்கிக் கொடுக்கிறான். தனக்கு அது தேவையில்லை என்கிறான். தன்னைப் பற்றிய பொய்களை எல்லாம் எறிந்துவிட்டதாகவும், அதனால் முதன்முறையாக மன அமைதி பெற்றதாகவும் அறிவிக்கிறான். அந்த அமைதியை நண்பர்களுக்கும் வழங்காமல் போவதில்லை என்று சூளுரைக்கிறான். வழி எளியது: நாளை செய்வதாகச் சொல்வதை இன்றே செய்து பார், முடியாது என்று தெரியும், தெரிந்ததும் குற்றவுணர்வு நீங்கும், பிறகு நிம்மதி.

அறைக்கு அறை சென்று, ஒவ்வொருவரையும் தனியே பிடித்து, அவன் இதை விற்கத் தொடங்குகின்றான். விற்பனை அவன் குருதியில் ஊறிய தொழில் அல்லவா? முன்பு இரும்புச் சாமான், இப்போது உண்மை. பிறந்தநாள் விருந்து கசந்து போகின்றது. விருந்தின் முடிவில் தன் மனைவி இறந்துவிட்டதாக ஹிக்கி சொல்கிறான். ஆனால் அவன் முகத்தில் துயரம் இல்லை.

தெருவைக் கடக்கும் காட்சி

மூன்றாம் அங்கம் மறுநாள் காலையில் நிகழ்கின்றது. ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள நல்ல உடையை உடுத்தி, நடுங்கும் கால்களோடு படியிறங்கி வருகின்றனர். கடையின் கதவு வழியாக வெயில் தெரிகின்றது. போருக்குச் செல்லும் படையும் இவ்வளவு அஞ்சியிராது. ஒருவர் பின் ஒருவராக, வீம்புக்காகவும் ஹிக்கியின் கண்களுக்குத் தப்பவும் வெளியேறுகின்றனர்.

கடைசியாக ஹாரி. கதவு வரை சென்று நிற்கிறார், திரும்புகிறார், மறுபடி நிற்கிறார். ஹிக்கி விடுவதாக இல்லை. ஒருவழியாக வெளியே காலடி வைக்கிறார். உள்ளிருந்து ராக்கி சன்னல் வழியே பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான். கிழவர் நடுத்தெரு வரை போய்விட்டார், அங்கேயே நின்றுவிட்டார். அடுத்த கணம் ஹாரி கடைக்குள் ஓடி வருகிறார்: கார் ஒன்று தம்மேல் ஏறப் பார்த்ததாம்! தெருவில் கார் எதுவும் இல்லை என்பது ராக்கிக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் எண்ணி எண்ணித் தள்ளிவைத்த பயணம் பாதித்தெருவில் முடிந்துபோயிற்று.

அவையோர் சிரிக்கும் இடம் இது. சிரித்துக்கொண்டே நெஞ்சு கனக்கும் இடமும் இதுவே. பெஸ்ஸியின் பிரிவால் தாம் வாடவில்லை என்பதையும், அவள் ஓயாத நச்சரிப்பை வெறுத்ததையும் ஹாரி ஒப்புக்கொள்ள நேர்கின்றது. உண்மை வெளிவந்துவிட்டது. ஹிக்கி சொன்ன நிம்மதி மட்டும் வரவில்லை. ஹாரி பிணம்போல் உட்கார்ந்து மதுவை வாயில் ஊற்றிக்கொள்கிறார். போதை ஏறவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வருகின்றனர். அவர்களுக்கும் மது தண்ணீராய் இருக்கின்றது.

இங்கே இன்னொன்றும் நிகழ்கின்றது. கனவுகள் உடைந்தபோது நட்பும் உடைகின்றது. லூயிஸ் படைப்பிரிவின் பணத்தைச் சூதில் இழந்தவர் என்பதை வெட்யோன் குத்திக் காட்டுகிறார். வெட்யோன் போரில் கோழையாக நடந்தவர் என்பதை லூயிஸ் அம்பலப்படுத்துகிறார். இத்தனை நாள் இருவருக்கும் இது தெரியாததன்று. தெரிந்தும் ஒருவர் கதையை மற்றவர் கேட்டுத் தலையசைத்தனர். அந்தத் தலையசைப்பே அக்கடையின் அறம். நீ என் நாளையை நம்பு. நான் உன் நாளையை நம்புகிறேன் என்ற எழுதாத உடன்படிக்கை அது. ஹிக்கி கிழித்தெறிந்தது அந்த உடன்படிக்கையைத்தான்.

இரண்டு வாக்குமூலங்கள்

நான்காம் அங்கத்தில் ஹிக்கி தன் கதையைச் சொல்கிறான். உலக நாடக மேடையின் மிக நீண்ட தனியுரைகளுள் ஒன்று அது. ஈவ்லின் அவனைச் சிறுவயது முதல் காதலித்தவள். அவன் குடித்தாலும், பிற பெண்களை நாடினாலும், சேறும் சகதியுமாக வீடு திரும்பினாலும் மன்னித்தாள். இனி அவன் திருந்திவிடுவான் என்று ஒவ்வொரு முறையும் நம்பினாள். மன்னிப்புக் கூடக்கூட அவன் குற்றவுணர்வும் கூடிற்று. ஹாரியின் பிறந்தநாள் நெருங்கியது. குடிக்கப் போனால் அவள் நெஞ்சு உடையும். பிரிந்து சென்றாலும் உடையும். தான் இறந்தாலும் அவள் தன்னையே பழித்துக்கொள்வாள். அவளுக்கு விடுதலை தர ஒரே வழிதான் என்று எண்ணி, உறங்கிக்கொண்டிருந்தவளைச் சுட்டுக் கொன்றதாக ஹிக்கி அமைதியாகக் கூறுகிறான். அன்பினால் செய்தேன் என்கிறான்.

சொல்லிக்கொண்டே வருகையில், அவனறியாமல் அவன் வாயிலிருந்து ஒரு வசைச்சொல் வெடிக்கிறது. சுட்ட பிறகு அவளை நோக்கித் தான் சிரித்து ஏசியது அவனுக்கு நினைவு வருகின்றது. அன்பு அன்று, வெறுப்பே அந்தத் துப்பாக்கியைத் தூக்கியது. எல்லாருடைய பொய்யையும் கிழித்தவனின் பொய் இப்போது கிழிகின்றது. அவனால் அதைத் தாங்க இயலவில்லை. அந்நேரத்தில் தனக்குப் பைத்தியம் பிடித்திருக்க வேண்டும் என்று அலறுகிறான்.

‘பைத்தியம்’ என்ற அந்த ஒரு சொல்லை ஹாரி பற்றிக்கொள்கிறார். அப்படியானால் இங்கு வந்தது முதலே உனக்குப் பைத்தியம்தானே, நீ எங்களிடம் சொன்னதெல்லாம் பைத்தியத்தின் பேச்சுத்தானே என்று கெஞ்சுவதுபோல் கேட்கிறார். ஹிக்கி முதலில் மறுக்கப் பார்க்கிறான். பிறகு ஆம் என்கிறான். தானே வரவழைத்திருந்த காவலருடன் சிறைக்குச் செல்கிறான். உண்மையை விற்க வந்தவன் நண்பர்களுக்கு இறுதியாக விட்டுச் சென்றது ஒரு பொய். அந்தப் பொய்தான் அவர்களை வாழவைக்கிறது. அவனும் தன் மனைவியை என்றும் நேசித்ததாகவே சொல்லிக்கொண்டு போகிறான்.

இதற்கு இணையாக ஓடுவது பாரிட் என்னும் பதினெட்டு வயது இளைஞனின் கதை. அவன் தாய் ரோசா அராஜகவாத இயக்கத்தினள். மேற்குக் கரையில் நடந்த குண்டுவெடிப்பை ஒட்டிச் சிறைப்பட்டவள். காட்டிக் கொடுத்தவன் மகனே. 1910ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதும், அவ்வழக்கில் ஓர் இளைஞன் தன் தாயின் தோழர்களைக் காட்டிக் கொடுத்ததும் இக்கிளைக்கதைக்கு அடிப்படையான உண்மை நிகழ்ச்சிகள். பாரிட் முதலில் நாட்டுப்பற்று என்கிறான். பிறகு பணத்துக்காக என்கிறான். இறுதியில், ஹிக்கி பேசி முடிக்கும் அதே வேளையில், தாயை வெறுத்ததே காரணம் என்கிறான். தன் தாயை ஒருகாலத்தில் நேசித்த லாரியிடம் தீர்ப்பு வேண்டி நிற்கிறான். எதிலும் பட்டுக்கொள்ளாத பார்வையாளர் என்று தம்மை எண்ணியிருந்த லாரி தீர்ப்பளிக்க நேர்கிறது. பாரிட் மாடியிலிருந்து விழுந்து உயிர் துறக்கிறான். ஹிக்கியின் உபதேசத்தால் உண்மையிலேயே மாறியவர் லாரி ஒருவரே. ஆனால் அவர் அடைந்தது நிம்மதி அன்று.

தலைப்பின் பொருள்

குளிர்பதனப் பெட்டி பரவாத காலத்தில் ஐஸ் கட்டியை வீடு வீடாகக் கொண்டுவந்து போடும் ஆளே ஐஸ்காரன். கணவன் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வருபவனாதலால், அவனை வைத்துக் கொச்சையான வேடிக்கைக் கதைகள் அமெரிக்காவில் வழங்கின. ஹிக்கியின் வேடிக்கை அவ்வகையதே. இம்முறையோ அவன் வீட்டுக்கு வந்தது சாவு. உடலைக் குளிரவைப்பது அதுவே. ‘வருகிறான்’ என்பதற்கு ஓநீல் ஆளும் ஆங்கில வினைவடிவம் பேச்சு வழக்கில் இல்லாத பழைய வடிவம். மத்தேயு சுவிசேஷத்தில் பத்துக் கன்னியர் உவமையில், நள்ளிரவில் மணவாளன் வருவதாகக் குரல் எழும் இடத்தை அது நினைவூட்டும். காத்திருந்தவர்களுக்கு மீட்பர் வரவேண்டிய இடத்தில் ஐஸ்காரன் வருகிறான். கொச்சையும் வேதமும் ஒரு தலைப்பில் கலந்து நிற்கின்றன.

முன்னோடிகளும் ஒரு சமகாலத்தவரும்

இக்கரு ஐரோப்பிய மேடைக்குப் புதியதன்று. நார்வே நாட்டு இப்சனின் ‘காட்டு வாத்து’ 1884இல் வெளிவந்தது. அதில் ஓர் இலட்சியவாதி நண்பனின் குடும்பத்துக்குள் உண்மையைக் கொண்டு நுழைகிறான். பலியாவது ஒரு சிறுமி. மாஸ்கோவில் 1902இல் அரங்கேறிய கார்க்கியின் ‘அதல பாதாளம்’ நாடகத்தில், ஏழைகள் ஒண்டியிருக்கும் விடுதிக்கு லூக்கா என்னும் முதிய வழிப்போக்கன் வந்து ஆறுதலான பொய்களைக் கூறுகிறான். அவன் போனபின் அப்பொய்கள் உதிர்கின்றன. கார்க்கியின் முதியவன் கனவைக் கொடுக்கிறான். ஓநீலின் விற்பனையாளன் கனவைப் பறிக்கிறான். இரண்டு இடங்களிலும் ஓர் உயிர் போகின்றது.

ஓநீல் இதை எழுதிய 1939இலேயே மதுக்கடையைக் களமாகக் கொண்ட இன்னொரு புகழ்பெற்ற நாடகம் நியூயார்க்கில் அரங்கேறியது. அது வில்லியம் சரோயனின் ‘த டைம் ஆஃப் யுவர் லைஃப்’. சான் பிரான்சிஸ்கோ துறைமுகக் கடை ஒன்றில் கூடும் கனவுகாண்போரைக் கனிவோடு காட்டுவது. அதற்குக் கிடைத்த புலிட்சர் பரிசை 1940இல் சரோயன் ஏற்க மறுத்துவிட்டார். அந்நாடகத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்ற எடி டவ்லிங்தான் பின்னர் ஓநீலின் நாடகத்தை இயக்கினார். சரோயனின் கடையில் கனவு பூவாக மலர்கின்றது. ஓநீலின் கடையில் அது காயத்தின்மேல் கட்டிய துணி. அவிழ்த்தால் குருதி வரும்.

மேடை வரலாறு

போர்க்காலத்தில் இந்நாடகத்தின் கசப்பை மக்கள் ஏற்கமாட்டார்கள் எனக் கருதி, ஓநீல் அதை ஏழாண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தார். 1946ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் மார்ட்டின் பெக் அரங்கில் தியேட்டர் கில்டு அமைப்பினர் மேடையேற்றினர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் வந்த அவருடைய புதிய நாடகம் என்பதால் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. ஆனால் ஹிக்கியாக நடித்த ஜேம்ஸ் பார்ட்டனால் நீண்ட தனியுரையின் சுமையைத் தாங்க இயலவில்லை. நீளத்தைப் பற்றிய குறையும் எழுந்தது. 136 காட்சிகளோடு நின்றது. ஓநீல் வாழ்ந்த காலத்தில் பிராட்வேயில் அரங்கேறிய அவருடைய புதிய நாடகங்களுள் அதுவே கடைசி. 1953ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஓர் ஓட்டல் அறையில் அவர் மறைந்தார்.

1956ஆம் ஆண்டு மே மாதம் ஹோசே கின்டேரோ என்னும் இளம் இயக்குநர், கிரீனிச் வில்லேஜ் பகுதியில் ‘சர்க்கிள் இன் த ஸ்குவேர்’ என்னும் சிறிய அரங்கில் இந்நாடகத்தை மீண்டும் எடுத்தார். முன்பு இரவு விடுதியாக இருந்த கூடம் அது. அவையோர் நடிகர்களைச் சூழ்ந்து, மதுக்கடைக்குள்ளேயே இருப்பதுபோல் அமர்ந்தனர். அதிகம் அறியப்படாதிருந்த ஜேசன் ரோபார்ட்ஸ் ஹிக்கியாகத் தோன்றினார். 565 காட்சிகள் நடந்தன. இவ்வெற்றியைக் கண்ட ஓநீலின் துணைவியார் கார்லோட்டா, ‘நெடும்பகல் இரவுக்குள் செல்லும் பயணம்’ என்னும் அவருடைய தன்வரலாற்று நாடகத்தையும் கின்டேரோவிடம் ஒப்படைத்தார். மங்கியிருந்த ஓநீலின் புகழ் மீண்டும் எழுந்தது இந்த மதுக்கடையிலிருந்துதான். 1960இல் சிட்னி லூமெட் தொலைக்காட்சிக்கும், 1973இல் ஜான் பிராங்கன்ஹைமர் திரைக்கும் இதைக் கொண்டுவந்தனர். 2018இல் பிராட்வேயில் டென்சல் வாஷிங்டன் ஹிக்கியாக நடித்தார்.

எஞ்சும் வினா

பொய்க்கனவே மனிதனுக்கு நல்லது என்று ஓநீல் முடிவு கட்டுவதாகச் சிலர் கொள்வர். நாடகம் அவ்வளவு எளிதாகக் கையில் அகப்படுவதில்லை. ஹாரியின் கடையில் இருப்போரின் கனவுகள் எவரிடமும் எதையும் கேட்பதில்லை. ஈவ்லினின் கனவோ அவ்வாறில்லை; கணவன் திருந்துவான் என்ற அவள் நம்பிக்கை அவன் தலைமேல் நாள்தோறும் ஏறிய கடன். தீர்க்கவொண்ணாத கடன்காரன் இறுதியில் கடன் கொடுத்தவளையே வெறுத்தான். ஆகவே, தன்னைத் தாங்கும் கனவு வேறு. பிறனைக் கட்டும் கனவு வேறு.

உண்மைக்கும் இதே பாகுபாடு உண்டு. வள்ளுவர் வாய்மை என்பதை வரையறுக்கும்போது, உள்ளதை உள்ளவாறு சொல்வது என்று கூறாமல், பிறர்க்குத் தீங்கு சிறிதும் விளைக்காத சொல் என்கிறார். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் கூறுகிறார். அந்த அளவுகோலால் அளந்தால் ஹிக்கி சொன்னவை உண்மைகள்தாம், வாய்மை அல்ல. நண்பர்களின் நலத்துக்காக அவன் பேசவில்லை. தான் செய்தது சரி என்று தனக்கே மெய்ப்பித்துக்கொள்ள அவர்கள் தன்னைப்போல் ஆகவேண்டியிருந்தது. அதே அளவுகோலைக் கடையிலிருப்போரின் பொய்களுக்கும் வைத்தால், அவையும் முழுத் தேர்ச்சி பெறுவதில்லை. அவை உயிரைக் காக்கின்றன, வாழ்வைத் தருவதில்லை. குற்றமற்ற நன்மை என்று அதைச் சொல்ல முடியாது.

நாடகத்தின் கடைசிக் காட்சியில் மதுவுக்குப் போதை திரும்பிவிடுகின்றது. ஹிக்கி பைத்தியம் என்று முடிவாகிவிட்டதால் எல்லாருக்கும் நாளை திரும்பக் கிடைத்துவிட்டது. நடுத்தெருவில் வந்த கார் மறுபடியும் உண்மையாகிவிட்டது. ஆளுக்கொரு பாட்டைப் பாடுகின்றனர். ஒன்றோடொன்று சேராத அந்த இரைச்சலில் ஓர் ஒற்றுமை இருக்கின்றது. லாரி மட்டும் சன்னலோரம் அமர்ந்து எதையும் கேளாதவராய் வெறித்து நோக்குகிறார். பொய்யை நம்பவும் அவரால் இயலாது. உண்மையைக் கொண்டு பிறரைப் புண்படுத்தவும் மனம் வராது. இரு பக்கத்தையும் காணும் கண் பெற்றவர் அதற்குக் கொடுக்கும் விலை அது.

1912இல் புல்டன் தெரு மதுக்கடையில் ஓநீலின் உயிரைக் காத்தவர்கள் சான்றோர் அல்லர். நாளை நாளை என்று பிதற்றிக்கொண்டிருந்த குடிகாரர்கள். அவர்களுடைய கனவுகள் பொய் என்பது அவருக்குத் தெரியும். கால் நூற்றாண்டுக்குப்பின், உலகப் புகழோடும் நடுங்கும் கைகளோடும் அவர்களைப் பற்றி எழுத அமர்ந்தபோது, அந்தப் பொய்யை அவர் மறைக்கவும் இல்லை. அதற்காக அவர்களை இகழவும் இல்லை.